ஜானட் வைத்த அசனம்

சென்ற மாதம் எங்கள் சபையில் தலைமைத்துவப் பயிலரங்கு நடந்தது. எங்கிருந்தோ வரவழைக்கப்பட்ட பயிற்சியாளர் ஒருவர், கழுத்தில் டை, கையில் சிவப்பு ஒளி அடிக்கும் பேனா, சுவரில் மலை உச்சிக் கழுகின் படம் என்று சகல ஆயுதங்களோடும் வந்து இறங்கினார். "உங்களை உருவாக்கிய கிறிஸ்தவத் தலைவர் யார்? ஒவ்வொருவராக எழுந்து சொல்லுங்கள்" என்றார். முதல் வரிசையில் இருந்தவர் மோசே என்றார். அடுத்தவர் நெகேமியா. அதற்கடுத்தவர், நல்ல பெயரெல்லாம் போய்விட்டதே என்ற பதற்றத்தில், யோசுவா என்றார். என் முறை வந்தபோது, "எங்க அம்மா ஜானட்" என்றேன்.

எர்ணாவூர்ச் சபையே சிரித்தது. பாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். பயிற்சியாளருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்தியுள்ள தாய் ஒருத்தியின் கண்ணீர்க் கதை வரப்போகிறது என்று முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டார். எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். என் அம்மாவைத் தலைவி என்று முகத்துக்கு நேரே சொன்னால், "யார பாத்து இன்னா வார்த்த சொல்ற?" என்று செருப்பைத் தேடுவாள்.

அம்மா கொருக்குப்பேட்டையில் பிறந்தவள். கூட்ஸ் ரயில் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பேசப் பழகியவள் என்பதால், அவள் ரகசியம் சொன்னால் நாலு வீடு தள்ளி உள்ளவர்கள் பதில் சொல்வார்கள். மணலிப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் அந்தச் சமையற்கட்டு முழுவதையும் ஆட்டி வைத்தவள். அவளுக்குக் கீழே பத்திருபது பேர் வேலை செய்தார்கள். அத்தனை பேரும் அவளைக் கண்டு நடுங்கினார்கள், அத்தனை பேரும் தங்கள் பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகையை அவளுக்குத்தான் முதலில் வைத்தார்கள்.

அவளுடைய ஆன்மிக வாழ்க்கையைப் பற்றி நான் சொல்லப்போவதை யாரும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். பிரசங்கம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் தூங்கிவிடுவாள். குறட்டையும் உண்டு. பாட்டு என்றால் சபை ஒரு ராகத்தில் போகும், அவள் வேறொரு ராகத்தில், எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டுக் காத்திருப்பாள். சாப்பிடும் முன் அவள் செய்யும் ஜெபம், "ஆண்டவரே, குட்த்த, டாங்ஸ்" என்பதோடு முடிந்துவிடும். இத்தனைக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பல வருடம் அவள்தான் தலைவி. எதிர்த்துப் போட்டியிட யாருக்கும் துணிச்சல் இல்லை.

அவள் ராஜ்ஜியம் அசனத்தில்தான் இருந்தது. அறுப்பின் பண்டிகை முடிந்ததும் சபையார் எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு அசனம் என்று பெயர். தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்காகத் தெற்கிலிருந்து விம்கோ நகருக்கு வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு கொண்டுவந்த பழக்கம் அது. எர்ணாவூரில் அறுப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. கன்டெய்னர் லாரிப் புகையைத் தவிர இங்கே வேறொன்றும் விளைவதில்லை. ஆனாலும் வருடா வருடம் வாழை மரம் கட்டுவோம், அறுவடைக்காக நன்றி சொல்வோம், சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுவோம். எங்கள் சபையில் பரலோகத்தைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். கறித் துண்டைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான்.

அசனத்தில் அம்மாவுக்கு ஒரே சட்டம். கரண்டி அண்டாவின் அடிவரை போக வேண்டும். கேன்டீனில் கற்றது அது. வேண்டியவன் வந்தால் அடியில் துழாவிக் கறி எடுப்பது, வேண்டாதவன் வந்தால் மேலாக மொண்டு வெறும் குழம்பை ஊற்றுவது என்பது பரிமாறுகிறவர்களின் பழைய வித்தை. அம்மா அண்டா பக்கத்திலேயே நின்று, "அடிலேருந்து எட்றா! உன் மச்சானுக்கு மட்டுந்தான் பல்லு கீதா?" என்று கூச்சல் போடுவாள். ஒருமுறை பாஸ்டரின் மகனையே இதற்காகக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு விரட்டியிருக்கிறாள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பேராயத் தலைமையிலிருந்து பெரிய விருந்தாளி ஒருவர் வந்த வருடம், கமிட்டியார் தனியாக ஒரு சட்டி ஏற்பாடு செய்தார்கள். நெஞ்செலும்பு, ஈரல் என்று பொறுக்கியெடுத்து, விருந்தாளிக்கும் கமிட்டிக்கும் மட்டும் சிறப்புக் குழம்பு. அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பந்தி உட்கார்ந்தது, விருந்தாளி ஜெபிக்க ஆரம்பித்தார். மிஷனெரிகளுக்காக ஜெபித்தார், அரசாங்கத்துக்காக ஜெபித்தார், துறைமுகத்துக்காகவும் ஜெபித்தார். அப்போது டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த எனக்கு ஜெபத்தில் கண்ணை மூடும் பழக்கம் கொஞ்சம் குறைவு. அதனால் பார்த்தேன். அம்மா அந்தச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பொது அண்டாவில் கவிழ்த்தாள். கரண்டியை விட்டு அடிவரை ஒரு கிளறு கிளறினாள். ஆமென் சொல்லி எல்லோரும் கண்ணைத் திறந்தபோது சட்டி தண்ணீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஈரல் துண்டு யார் யார் இலையிலோ விழுந்தது. கமிட்டியார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வெறும் எலும்பைக் கடித்தார்கள். இதைவிட நல்ல ஜெபத்தை நான் கேட்டதில்லை.

காலம் போயிற்று. அம்மாவுக்கு முட்டி போயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு அண்டா பக்கம் நிற்க முடியாததால் சமையலைக் கேட்டரிங்காரரிடம் விட்டார்கள். போன வருடத் தேர்தலில் சபையின் முதல் பெண் செக்ரட்டரியாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். திறமையைப் பார்த்துத்தான் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் இரண்டு கோஷ்டிகள் மோதிக்கொண்டதில், யாருக்கும் ஆபத்தில்லாத ஆள் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். துறைமுகச் சரக்கு எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் நாள் முழுக்கத் தலையாட்டிச் சம்பளம் வாங்குகிறவள், கமிட்டியிலும் ஆட்டுவாள் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை நான் முதல் வருடமே காப்பாற்றினேன். அசனத்துக்கு டோக்கன் முறை வேண்டும் என்று மூத்த உறுப்பினர் ராசையா தீர்மானம் கொண்டுவந்தார். ராசையா கெட்டவர் இல்லை. தீப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சபைக்குக் கூரை போட்டபோது கீற்றோடு கீற்றாகத் தானும் மேலே ஏறியவர். ஆனால் முந்தின அசனத்தில் அவருடைய சம்பந்தி வீட்டார் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, கறி தீர்ந்து, ரசம் சோறு சாப்பிட்டுப் போனார்கள். அந்தக் காயம் ஆறவில்லை.

"சபைப் பதிவுல பேரு இருக்கவங்களுக்கு மட்டும் டோக்கன். மத்தவங்க வேண்டாம். எல்லாம் முறைப்படி இருக்கணும்" என்றார் அவர்.

மத்தவங்க என்றால் யார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றோரத்திலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்து எர்ணாவூர் அடுக்கு வீடுகளில் குடியேற்றப்பட்ட குடும்பங்கள். ஞாயிறுதோறும் பின்பெஞ்சுகளை நிரப்புகிறவர்கள் அவர்கள்தான். அவர்களில் கெங்கம்மா மூன்று வருடமாக ஓர் ஆராதனையையும் விட்டதில்லை. சனிக்கிழமை தவறாமல் கோயிலைப் பெருக்குகிறவளும் அவள்தான். புருஷன் சம்மதிக்காததால் ஞானஸ்நானம் மட்டும் ஆகவில்லை. அதனால் பதிவில் பெயர் இல்லை. ஞாயிறு பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு மட்டும் டோக்கன் கொடுக்கலாம் என்று கமிட்டி பெருந்தன்மை காட்டியது. அம்மாக்கள் கேட்டுக்கு வெளியே. கறி கொடுக்கிற தண்டையார்பேட்டை தாவூது பாய்க்கும் மரியாதைக்காக ஒரு டோக்கன் உண்டு. தீர்மானம் நிறைவேறியது. நான் வாயைத் திறக்கவில்லை. அழகாக மினிட்ஸ் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவுங்க அத்தினி பேரும் பேசுறப்போ நீ வாயில கொயக்கட்டையா வச்சிகினு இருந்த?"

"மெஜாரிட்டிம்மா. நான் ஒருத்தி என்ன பண்ண முடியும்?"

"அப்ப போ. மெஜாரிட்டிகூட போயி குந்து."

"கோவப்படாதம்மா. நீ அன்னைக்குச் சட்டியைக் கவுத்தியே, அந்த மாதிரி நானும் ஏதாவது பண்றேன். கேட்ல நிக்கிற பசங்ககிட்ட சொல்லி, சத்தமில்லாம எல்லாரையும் உள்ள விட்டுடச் சொல்றேன்."

அம்மா கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். அவள் குரல் தணிந்தால்தான் எனக்கு பயம். அன்றைக்குத் தணிந்தது.

"அது திருட்டுத்தனம்டி கெசியா. எனுக்கு அன்னிக்குப் பயம். வாயத் தொறந்து கேட்டா, சமையகாரிக்கு இன்னா பேச்சுன்னுவாங்க. அத்தொட்டுதான் எல்லாரும் கண்ண மூடிகினு கீறப்போ கொட்னேன். என் கையில கரண்டிதான் இருந்திச்சி. உன் கையில மைக்கே குட்த்துகீறாங்க. நீ இன்னாத்துக்குப் பொறவாசல்ல வர்ற?"

"நீயே வந்து ரெண்டு வார்த்தை பேசும்மா. நீ பேசினா எல்லாரும் கேப்பாங்க."

"நானா செக்ரட்டரி? என்ன இஸ்துகினு வராத" என்று கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு தாய் இப்படியா கைவிடுவாள் என்று முணுமுணுத்துக்கொண்டே தூங்கப் போனேன்.

பண்டிகை அன்று ஆராதனை முடிந்ததும் அடுக்கு வீட்டுப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கேட்டைத் தாண்டி வெளியே போனார்கள். பிள்ளைகள் உள்ளே சாப்பிடுகிறார்களே, கூட்டிக்கொண்டு போக வேண்டுமே என்று எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். கேட்டில் வாலிபர் சங்கத்துப் பையன்கள் பேட்ஜ் குத்திக்கொண்டு டோக்கனைப் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டார்கள். பந்தி உட்கார்ந்தது. இலை போட்டாயிற்று. பிள்ளைகள் இலையைப் பார்க்காமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. அம்மா பந்தல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கப் பார்வைக்கும் நடுவில் என்னால் நிற்க முடியவில்லை.

பாஸ்டர் ஜெபத்துக்குக் கண்ணை மூடப்போன சமயம் மைக்கை எடுத்தேன். எடுத்த வேகத்தில் மைக் உதட்டில் இடித்து, என் முதல் வார்த்தையே 'டொக்' என்று கேட்டது.

"ஒரு நிமிஷம் பாஸ்டர். டோக்கன் முறை இன்னையோட ரத்து. கேட்டைத் திறக்கச் சொல்றேன். சோறு பத்தாதுன்னு பயப்படறவங்களுக்காக, கமிட்டி கடைசிப் பந்தியில உக்காரும். பத்தலேன்னா எங்களுக்குத்தான் பத்தாது."

ராசையா எழுந்தார். "இது கமிட்டி தீர்மானத்துக்கு விரோதம்."

"ஆமா அண்ணாச்சி, விரோதம்தான்."

"பதிவுல இல்லாதவங்களுக்கு எப்படி அசனம் போடுவ?"

"தாவூது பாய் என்னைக்கு அண்ணாச்சி ஞானஸ்நானம் வாங்கினாரு?"

பந்தல் குலுங்கியது. தாவூது பாய் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "என்னிய ஏன்மா சபையில இஸ்து விடுற?" என்றார். ராசையா வேண்டுமென்றே முதல் பந்தியின் முதல் இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். நான் டோக்கன் வாங்கியவன், யார் எழுப்புகிறார்கள் பார்க்கிறேன் என்கிற உட்காரல்.

கேட் திறந்தது. யாரும் வரவில்லை.

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. செங்கடல் பிளந்தது மாதிரி நான் ஒரு காரியத்தைச் செய்து முடித்திருக்கிறேன், ஜனங்கள் கடக்க மறுக்கிறார்கள். ரோட்டைத் தாண்டி ஓடினேன். டிரெய்லர் லாரி ஒன்று என் வெள்ளைச் சேலையில் புழுதியை இறைத்துவிட்டுப் போயிற்று.

"கெங்கம்மா, கேட்டைத் திறந்தாச்சு, வாங்க."

"தொறந்தா வந்துடணுமா? நாங்க இன்னா மாடா?" கெங்கம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "மைக்குல சொன்னதெல்லாம் காதுல வியிந்துச்சு பாப்பா. நல்லாத்தான் சொன்ன. ஆனா இன்னிக்கு வந்து துன்னா, நாளிக்கு ஒருத்தன் சொல்லிக் காட்டுவான். செக்ரட்டரிம்மா தயவுல துன்னீங்கன்னுவான். கறிக்கொயம்பு எங்க வூட்லயும் வெப்போம்."

"தப்புதான். தீர்மானம் போட்டப்ப நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சிட்டேன். போய் சாப்டு."

உள்ளே இருநூறு பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பிப் பந்தலைப் பார்த்தேன். அம்மா நாற்காலியைவிட்டு அசையவில்லை. அசையவும் மாட்டாள் என்று புரிந்தது. அண்டா பக்கத்தில் கேட்டரிங் பையன் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெங்கம்மா, உங்களைச் சாப்பிடக் கூப்பிடல. வந்து எங்களுக்குப் போடுங்க" என்றேன்.

"இன்னாது?"

"நீங்க கரண்டியைப் பிடிங்க. எங்க இலையில நீங்க போட்டாத்தான் இன்னைக்கு அசனம். இல்லேன்னா வேணாம், எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போகட்டும். நான் போய் அதையும் மைக்ல சொல்லிடறேன்."

கெங்கம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். பிறகு பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். "பாஸ்டரு பசியில கீறாரா?" என்று கேட்டாள்.

"பாஸ்டரு, ராசையா அண்ணாச்சி, எல்லாரும்."

அவள் சிரித்துவிட்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "வாங்கடி, போயி ஜனங்களுக்குச் சோறு போட்டுட்டு வருவோம்" என்று அவள் நடக்க, மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள். பேட்ஜ் பையன்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பாஸ்டர் அன்றைக்குச் செய்ததுதான் அவர் வாழ்நாளிலேயே மிகச் சின்ன ஜெபம்.

குழம்பு வாளியோடு கெங்கம்மா முதல் இலைக்கு வந்தாள். ராசையா இலையைப் பார்த்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டோக்கன் எங்க நைனா?"

ராசையா முறைமை பார்க்கிற மனிதர். ஒரு கணம்கூட யோசிக்காமல் சட்டைப் பையில் கைவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னாலிருந்து டோக்கனை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. முதல் பந்தியே அதிரச் சிரித்தது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தாவூது பாய்க்குப் புரையேறியது. கெங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. டோக்கனை வாங்கி இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, அவர் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினாள்.

"வச்சிக்க நைனா. என்னிக்காவது வெளில நிக்கச் சொன்னா ஒதவும்" என்று சொல்லி, வாளியின் அடிவரை கரண்டியை விட்டு, கறியாகவே எடுத்து அவர் சோற்றில் போட்டாள். "துன்னு. ஆறிடப் போவுது."

ராசையா தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். அடுத்த பந்தியில் கெங்கம்மாவும் மற்ற பெண்களும் உட்கார்ந்தபோது, யாரோ தண்ணீர் ஜக்கோடு வரிசையில் வந்தார். பார்த்தால் ராசையா. என்னிடம் அன்று முழுவதும் பேசவில்லை. அவர் மனம் திரும்பிவிட்டார் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். அடுத்த கமிட்டியில் தீர்மானத்தை மீறியதற்காக என்மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர்தான். அது நிறைவேறவும் செய்தது. அதற்கும் நானே மினிட்ஸ் எழுதினேன்.

கமிட்டியின் பந்திக்கு முறை வந்தபோது அண்டாவில் குழம்பு இல்லை. ரசமும் இல்லை. அடிப்பிடித்த சோறு கொஞ்சம் இருந்தது. அதைப் பாஸ்டரும் பொருளாளரும் ஊறுகாயோடு பகிர்ந்துகொண்டார்கள். நான் பாத்திரக் கணக்கை ஒப்படைத்துவிட்டு, அம்மாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் அவள் வாயைத் திறக்கவில்லை. நல்லதாக ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று எனக்கு மனம் கிடந்து அடித்துக்கொண்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாற்பத்தைந்து வயதில் அதற்காக ஏங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் கதவைக்கூடச் சாத்தாமல் அடுக்களைக்குள் நொண்டிக்கொண்டே போனாள். முந்தின நாள் சங்கரா மீன் குழம்பைச் சூடு பண்ணினாள். சோற்றில் ஊற்றி இரண்டு தட்டில் கொண்டுவந்தாள்.

"துன்னு."

"ஏன் ரெண்டு தட்டு? உனக்குத்தான் அங்கேயே இலை கொண்டுவந்து வச்சாங்களே?"

"அத்த பக்கத்துல இருந்த புள்ளைக்குக் குட்த்துட்டேன்."

"ஏம்மா, மாத்திரை போடறவ பசியோட இருக்கலாமா? உனக்கென்ன தலையெழுத்து?"

"த பாரு" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "எத்தினி வருசம் அசனம் வச்சேன். ஒரு தபாகூட நான் அங்க துன்னதில்ல. எல்லாரும் கைகயுவுற வரைக்கும் நிப்பேன். அப்பால இன்னா இருக்கும்? வூட்டாண்ட வந்து இப்டித்தான் பழசு துன்னுவேன். நீ பாத்தியா?"

நான் பார்த்ததில்லை. அத்தனை வருடமும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து அதே வீட்டில் கால்நீட்டிப் படுத்திருந்திருக்கிறேன். அவள் அடுக்களையில் உட்கார்ந்து என்ன செய்கிறாள் என்று ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"ஏன் சொல்லவே இல்ல?"

"சொல்றதுக்கு இன்னா கீது? பசிச்சா துன்ன வேண்டியதுதான்." தன் தட்டிலிருந்த நடுத்துண்டு மீனை எடுத்து என் தட்டில் போட்டாள். "அழுதுகினே துன்னாத, முள்ளு மாட்டிக்கும். இனிமே வருசா வருசம் உனுக்கு இப்டித்தான். பழகிக்க."